பதினைந்து சென்டிமீட்டர்

செப்டம்பர் 9
எங்கள் நரின் ஊரைச் சுற்றி மலை உச்சிகள் இன்றே பனியில் வெளுத்துவிட்டன. புதுச் சட்டத்தின் தாளும் வந்து சேர்ந்தது: இனிக் கட்டும் வீடுகளின் வெளிச்சுவருக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் குளிர் தடுக்கும் பஞ்சுப் பலகை போர்த்தியே ஆகவேண்டும். ஒப்பந்தக்காரர் தொக்தோசுன் அண்ணன் படித்துவிட்டு, "இதை எழுதினவன் ஒரு குளிர்காலமாவது இங்க இருந்திருப்பானா?" என்றார். இருந்ததால்தான் எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 27
நாங்கள் கட்டும் அடுக்குமாடிக்கு லாரியில் வந்திறங்கியது ஐந்து சென்டிமீட்டர் பலகை.
"அண்ணே, இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."
"பூசி மூடிட்டா யாரு பிச்சுப் பாக்கப் போறா? ஊர்ல எல்லாரும் இதைத்தான் ஒட்டுறாங்க, புருல்."
"ஒட்டட்டும்."
"அப்ப நாளைக்கு வரவேண்டாம்."
நான் என்ன பெரிய வீராங்கனையா? இந்த ஊரில் ஒரு பெண் பொறியாளருக்கு வேறு வேலை எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 28
போகவில்லை.

செப்டம்பர் 30
பூச்சு வேலை செய்யும் ஜிபார் அக்கா வந்தாள். அவள் குழு மொத்தமும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டதாம். "'புருல் வந்தாத்தான் பூசுவோம்'னு சொல்லிட்டோம்டி. மனுஷன் மூஞ்சி பீட்ரூட்டா ஆயிடுச்சு!" அவளுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமில்லையே. அழுதுவிட்டேன். "அழுதது போதும். உன் ரொட்டி வேகவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தின்றாள்.

அக்டோபர் 2
பதினைந்து சென்டிமீட்டர் பலகை வந்திருந்தது. அண்ணன் என் முகம் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, பலகை வந்ததே.

டிசம்பர் 12
சாவிகள் கொடுத்தோம். பதினெட்டுக் குடும்பங்கள்.

ஜனவரி 18
வெளியே மைனஸ் முப்பத்தொன்று. தெருவுக்கு வெந்நீர் கொண்டுவரும் குழாய் உறைந்து வெடித்து, காலையிலிருந்து எந்த வீட்டுக்கும் சூடு இல்லை. நாங்கள் கட்டிய கட்டடத்துக்கு ஓடினேன். தொக்தோசுன் அண்ணன் எனக்கு முன்பே வந்து, ஒவ்வொரு வீடாகச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பதினேழு டிகிரி! எதிர்க் கட்டடத்து ஜனங்கள் பிள்ளைகளோடு வந்து நிறைந்திருந்தார்கள். ஒருத்தி அவர் கையில் பொரித்த போர்சோக் அப்பத்தைத் திணித்து, "கட்டின கை நல்லா இருக்கணும்" என்றாள். அவர் அதை என் கைக்கு மாற்றினார். சூடாக இருந்தது. கடவுளே, நன்றி.

மார்ச் 4
கட்டுமானக்காரர்கள் கூட்டம். சட்டத்தை மூன்று வருஷம் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு மனு. செலவு, ஆள் இல்லை, பலகை கிடைப்பதில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணன் எழுந்து மேடைக்குப் போனார். "ஜனவரில குழாய் வெடிச்ச அன்னிக்கு, என் கட்டடத்துல நாப்பது பிள்ளைங்க ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டு விளையாடுச்சுங்க. எப்படின்னு எங்க பொறியாளர் சொல்லுவாங்க."
மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டு, நகர்ந்து நின்றார்.