தவறிய உச்சிப் புள்ளி

அக்கா,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள். சாவி வழக்கம்போல் செருப்பு அலமாரியில்.

நேற்று உன் தலைவலிக்கு உச்சிப் புள்ளியை அழுத்தினேன் அல்லவா? தலைவலி, கிறுகிறுப்பு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் மரபாக அழுத்தும் இடம் என்று அக்குபங்சர் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உடனே நீ, "விட்டுடுச்சுடா! வீட்லயே வைத்தியர் இருக்கான், இனி டாக்டர் எதுக்கு?" என்று சிரித்தாய். டாக்டரிடம் கொடுத்திருந்த பெயரையும் ரத்து செய்தாய்; போயே ஆகவேண்டும் என்றேன் நான். அதற்குத்தான் நமக்குள் அவ்வளவு சண்டை.

காலையில் தலை சீவும்போதுதான் உறைத்தது. நெற்றி முடியிலிருந்து நோயாளியின் கட்டைவிரல் அகலத்தால் அளக்க வேண்டும். நான் என் விரலால் அளந்துவிட்டேன். உன் விரல் எவ்வளவு சின்னது! நான் அழுத்தியது உச்சியே இல்லை, அதற்கும் பின்னால்.

அப்படியானால் வலி எப்படி விட்டது? என் மனம் நோகக்கூடாதென்று சொன்னாயா? காலையிலிருந்து இதே யோசனைதான்.

டாக்டரிடம் மாலைக்கு மறுபடி உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை. கிளினிக் வாசலில் நிற்பேன், அவசியம் வா.

பி.கு.: பழைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வா, தலைவலி என்றால் கேட்பார்கள்.

இன்னொன்று. டாக்டர் உன் தலையைத் தொட்டதும், பாவம் என்று அவரிடமும் "விட்டுடுச்சு" என்று சொல்லிவிடாதே அக்கா.