பாதியில் விட்டவள் அல்ல நீ

என் அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

கோபத்தோடுதான் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள். சென்ற வியாழக்கிழமை, பதினான்காம் தேதி, தஞ்சாவூரில் நீ முதலில் வைத்தியம் பார்த்த மருத்துவமனையிலிருந்து ஓர் இளம்பெண் கும்பகோணத்துக்கு என்னைத் தேடி வந்தாள். அங்கே வந்த மார்பகப் புற்றுநோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விசாரித்து ஆய்வு நடத்துகிறார்களாம். அதில் நீயும் ஒருத்தி. உன் கணவர் இப்போதுதான் என் முகவரியைத் தந்திருக்கிறார்.

"ரெண்டு கீமோவோட வைத்தியத்தைப் பாதியில விட்டுட்டாங்கன்னு பதிவாகியிருக்குங்க ஐயா."

பாதியிலா! மூன்றாவது கீமோ ஊசியிலிருந்து கடைசிக் கதிர்வீச்சு வரை என் வீட்டிலிருந்து இந்தக் கும்பகோணம் மருத்துவமனைக்கு உன்னை ஆட்டோவில் அழைத்துப்போனவன் நான். ஒரு தேதி பிசகியதுண்டா? "அண்ணன் காலண்டரையே கல்யாணம் பண்ணியிருக்கலாம்" என்று ஆட்டோக்காரரிடம் நீ கேலி பேசியது எந்தப் பதிவில் இருக்கிறது?

"எத்தனை தடவை போன் பண்ணோம் தெரியுங்களா? வீட்டுக்காரர், 'அவ இங்க இல்லீங்க'ன்னு வெச்சுடுவாரு."

"இல்லைன்னா ஓடிட்டாளா? உடம்புக்கு முடியலைன்னா பொண்ணு பொறந்த வீட்டுக்குத்தாம்மா வரும். உங்க டாக்டரோட தங்கச்சிக்கு முடியலைன்னா அது எங்க போகும்? எங்க போயிருக்கான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவள் தலைகுனிந்தாள். "டெல்டா பொம்பளைங்க பாதியில நிறுத்திடறாங்க, விழிப்புணர்வு பத்தலைன்னு போன ஆய்வுக் கூட்டத்துல நான்தாங்க வாசிச்சேன்."

அவளிடம் எப்படிச் சினப்பது? காப்பி கொடுத்தேன். அவளை அப்படி வாசிக்க வைத்தவர்கள்மீதுதான் எனக்கு ஆத்திரம்.

நீ வைத்தியத்தை முழுமையாக முடித்தாய். அதன்பின் ஐந்து ஆண்டு இருந்து ஐந்து குறுவை நெல் அறுப்புப் பார்த்தாய். அப்படியும் நோய் திரும்பி வந்து உன்னைக் கொண்டுபோனது. ஏன் திரும்பியது என்றல்லவா அவர்கள் ஆராய்ந்திருக்க வேண்டும்? மாறாக, வைத்தியத்தை விட்டதால் செத்தாள் என்று உன் சாவுக்கு உன்னையே பொறுப்பாக்கிவிடுவார்கள். அண்ணன் வீட்டிலும் அம்மா வீட்டிலும் இருந்து வைத்தியத்தை முடித்த பெண்கள் இன்னும் எத்தனை பேரோ? அவர்களையெல்லாம் அறியாதவர்கள் என்று எழுதிய இவர்களை என்னவென்று எழுதுவது?

வருகிற திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, உன் மருத்துவச் சீட்டுகளோடு தஞ்சாவூர் போகிறேன். உன் பெயருக்கு நேரே இருக்கும் அந்தப் பொய்யைத் தலைமை மருத்துவர் என் கண்ணெதிரே திருத்த வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் பிறந்த வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கேட்போம் என்று அவர் சொல்ல வேண்டும். அதுவரை அவர் எதிரே இருக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், புஷ்பம். இது சத்தியம்.

கடைசி ஊசிவரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த,
உன் மூத்த அண்ணன்
சவரிமுத்து