பேர் வராத செய்தி

பாய், சலாம். எப்படி இருக்கிறீர்கள்? அங்கேயும் சாயங்காலமானால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறீர்களா? நான் பேசப் பேசப் பேத்தி எழுதுகிறாள். புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம். எனக்கென்ன, உங்களுக்குப் புரிந்தால் சரி.

இன்றைக்கு டிவி ரிமோட் செத்துவிட்டது. பேட்டரி செல்லைக் கழற்றி, கொஞ்சம் உயிர் வரட்டும் என்று மதில்மேல் காயவைத்தேன். "தாத்தா, அது என்ன வடகமா?" என்று இவள் சிரிக்கிறாள். வெயில் ஏறிய செல்லைக் கையில் எடுத்ததும் உங்கள் ரேடியோ ஞாபகம் வந்துவிட்டது.

பொம்மிடியில் உங்கள் மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு பறந்து பறந்து அந்த ரேடியோவுக்கே தாடி முளைத்திருக்கும். என் ஆடு ஒருதரம் அந்தப் பஞ்சைத் தின்றுவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தது. அது கிடக்கட்டும்.

அப்போது உங்கள் பையன் ஜமால் பஹ்ரைனுக்குப் போயிருந்தான். துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. பக்கத்தில் இரண்டு பெரிய நாடுகளுக்குள் சண்டை; கடலில் போகிற கப்பலுக்கெல்லாம் குண்டு. வெளிநாட்டு ரேடியோவில் தமிழ்ச் செய்தி வரும் நேரத்துக்கு நீங்கள் ஊசியை மெத்தையில் குத்திவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

"மாப்ள, பெரிய நாட்டுக்காரன் தும்முனாக்கூட மொத செய்தியில சொல்லிப்புடுறான். எம் பையன் இருக்குறது இத்துனூண்டு ஊரு. அங்க தீப்புடிச்சாத்தான் பேரு சொல்லுவான். பேரே வர வேணாம்."

செய்தி கேட்டு முடிக்கிறவரைக்கும் உங்கள் வீட்டு அக்கா அடுப்புப் பற்றவைக்க மாட்டார். செய்தி முடிந்ததும் உள்ளே பார்த்து, "புள்ள, டீ போடு. ஒண்ணும் வரல!" என்பீர்கள். ஒன்றும் வராததற்கு டீ குடித்த வீடு உங்களுடையதுதான் பாய்.

பிறகு அந்த அடைமழை. செல்லைக் காயவைக்க வெயிலே இல்லை. ரேடியோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலப் பேசியது. செய்தியின் கடைசியில் "பஹ்ரைன்" என்றது. அவ்வளவுதான், அணைந்துவிட்டது.

உங்கள் கையிலிருந்த நூல்கண்டு உருண்டு தெருவுக்கே போய்விட்டது. நான் வீட்டுக்கு ஓடி என் டார்ச் லைட் செல்லைப் பிடுங்கி வந்தேன். போட்டால் பாட்டு ஓடுகிறது.

"என்னங்க சொன்னான்?" என்று அக்கா வாசற்படியில் நின்று கேட்டார்.

"பேரு சொன்னான்."

"பேரு சொல்லி என்னா சொன்னான்?"

அன்றைக்கு உங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. நானும் சாப்பிடப் போகவில்லை.

விடிந்ததும் காலைச் செய்திக்கு மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். கடைசியில் விளையாட்டு வந்தது. பந்தாட்டத்தில் பஹ்ரைன் தோற்றுப்போனதாம்.

"தோத்துட்டானுங்களா?" நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள். "அல்ஹம்துலில்லாஹ்! நல்லாத் தோக்கட்டும்! வாராவாரம் தோக்கட்டும்!"

"எம் பையனுக்குச் சோறு போடுற ஊருங்க, அப்புடிச் சொல்லாதீங்க," என்று அக்கா அதட்டினார். அதட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே அடுப்பு மூட்டினார். அந்த டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டார், யாரும் சொல்லவில்லை.

ஜமால் நல்லபடியாகத் திரும்பி வந்ததை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினீர்கள். நான் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டிவியில் ஏதாவது சின்ன நாட்டின் பேர் வந்தால் சோற்றில் கை நின்றுவிடுகிறது. எந்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ!

ஜமாலுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. அவன் மகன், உங்கள் பேரன், போன மாதம் அதே பஹ்ரைனுக்குப் போயிருக்கிறான். "போன்லதான் தெனமும் மூஞ்சியப் பாக்குறியேடா, அப்புறம் என்னடா பயம்?" என்று ஜமாலைக் கேட்டேன். "மூஞ்சி பாத்தாலும் செய்தி கேக்கணும் மாமா," என்கிறான். உங்கள் ரத்தம்! சாயங்காலம் செய்தி நேரத்துக்கு என் வீட்டுக்கே வந்துவிடுகிறான். நானும் என் மருமகளிடம் அடுப்பை இப்போது பற்றவைக்காதே என்று...

"மாமா! ரிமோட்டு எங்க? செய்தி ஆரம்பிச்சிருச்சு, வாங்க!"

வந்துவிட்டான் பாய். செல் காய்ந்துவிட்டதா பார்க்கிறேன். ஒன்றும் வராது, நீங்கள் கவலைப்படாதீர்கள். முடிந்ததும் டீ குடித்துவிட்டு வந்து மிச்சத்தை