உங்களையும் சேர்த்து ஒன்பது

இன்று காலை உங்கள் தம்பி அடுக்களைக்குள் வந்து, கஞ்சி கோரி ஊற்றும் குழிக்கரண்டியை எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டு, "மேடே, மேடே, மேடே" என்றான். படகு ஓட்டுநர் சான்றிதழுக்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். நீங்கள் பிடித்த அதே கரண்டி.

நீங்களும் அந்த வகுப்புக்குப் போய்வந்து, இங்கே நின்றுதானே சொல்லிப் பார்த்தீர்கள்? கடலில் ஆபத்தென்றால் வயர்லெஸ்ஸில் மேடே மூன்று தரம். பிறகு படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். முதல் நாள் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மாதாவேன்னு கூப்பிடுத மாதிரில்லா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதாம்ளா. காப்பாத்துன்னுதான கேக்கோம்."

எல்லாம் பிசகாமல் சொன்னீர்கள். கடைசியில் மட்டும் "எட்டுப் பேர்" என்றீர்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிறவள், விடுவேனா?

"உங்கள விட்டுட்டியளே. ஒம்பதுல்லா?"

"படகுல ஆள எண்ணுதது நானு. என்னைய எங்க எண்ண?" என்றீர்கள். உடனே என்னிடம் திரும்பினீர்கள். "ஏளா, நீ மட்டும் என்ன? செபமாலையில ஊருக்கெல்லாம் வேண்டுத. ஒரு நாளாவது ஒனக்குன்னு வேண்டியிருக்கியா?"

நான் அடுப்பு ஊதக் குனிந்துகொண்டேன்.

தேர்வில் சரியாகச் சொல்லித்தான் சான்றிதழ் வாங்கினீர்கள். ஆனால் படகில் தண்ணீர் ஏறிய அன்று பழைய பழக்கம் வந்துவிட்டது. எட்டுப் பேர் என்றே கூப்பிட்டிருக்கிறீர்கள். அதைக் கேட்டு இரண்டு படகுகள் ஓடிவந்தன. ஒன்று ஐந்து பேரைத் தூக்கியது, மற்றது மூன்று பேரை. நீங்கள் அடுத்த படகில் ஏறிவிட்டதாக இரண்டு படகிலும் நினைத்தார்கள். வயர்லெஸ்ஸிலேயே கூட்டிப் பார்த்து, எட்டும் சரி என்று திரும்பிவிட்டார்கள். கரையில் இறங்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் இல்லையென்று தெரிந்து, திரும்பவும் கடலுக்கு ஓடினார்கள்.

"வெறுந் தண்ணிதான் கெடந்துச்சு மதினி" என்று வந்து சொன்னார்கள்.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. உங்கள் குரல் போய்ச் சேர்ந்ததால்தான் எட்டு வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் கூட்டல் சரியாக இருந்தும் ஆள் குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இன்று காலை உங்கள் தம்பியும் சொல்லிச் சொல்லி அந்தக் கடைசி இடத்துக்கு வந்தான். "எட்டுப் பேர்" என்றான்.

"தம்பி, ஒன்னையுஞ் சேத்துச் சொல்லு."

கரண்டியைத் தாழ்த்திவிட்டான். "ஒம்பது, மதினி."

"இன்னொரு தரம் சொல்லு."

கஞ்சி ஆறும்வரை சொல்ல வைத்தேன்.

இப்போதெல்லாம் செபமாலை முடிவில் எனக்காகவும் வேண்டுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. அன்று நீங்கள் கேட்டதற்கு வேறு எப்படிப் பதில் சொல்ல? உங்கள் படகின் ஆட்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டுகிறேன்.

எட்டோடு நிறுத்துவதில்லை.