சுழல்கூடம் நின்ற பிறகு

மார்ச் 3, காலை 7:10
போபோஸ் நிலையம். பதிபவர் தமயந்தி, எலும்பு மூட்டு மருத்துவர். இங்கே நானும் பொறியாளர் செலஸ்டினும் மட்டுமே. காற்று, தண்ணீர் சரி. சுழல்கூடம் நேற்று மாலை நின்றுவிட்டது. செவ்வாயின் இந்தத் துணைக்கோளில் உடலுக்கு எடை இல்லையென்றே சொல்லலாம். அந்தக் கூடத்தில் தினமும் சுழன்றுதான் கொஞ்சம் எடை பெறுகிறோம். அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போயிருக்கும் என்கிறார் செலஸ்டின்.

மார்ச் 29, காலை 7:25
மாற்றிய பேரிங்கும் உடைந்தது. செலஸ்டினின் முழங்கால்கள் வீங்கியுள்ளன. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மிதிக்கும்போது அழுந்தி, காலை எடுக்கும்போது உப்பி, மூட்டுநீரை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. எடை இல்லையென்றால் பட்டினி. ரப்பர் பட்டைகளை இழுத்துப் பயிற்சி செய்கிறோம். போதவில்லை.

மே 11, காலை 9:00
ஸ்கேன் பார்த்தேன். இருவருக்குமே விரல் மூட்டுகளில் குருத்தெலும்பு இருக்கவேண்டிய இடைவெளி இல்லை. இவ்வளவு வேகமாகத் தேய்ந்ததாக எங்கும் படித்ததில்லை. பூமியிலிருந்து பதில்: "கலம் நவம்பரில்தான் புறப்படும். வலி மாத்திரைகளைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்."
வெளியே போய்க் கூடத்தைத் தானே சரிசெய்வதாகச் செலஸ்டின் சொன்னார். வேண்டாமென்றேன். கேட்கவில்லை.

மே 14, பிற்பகல் 2:40
விரல் வளையவில்லை. இனி குரலில் பதிகிறேன். செலஸ்டின் வெளியே இருக்கிறார். ரேடியோவில்:
"டாக்டரம்மா, ஏணிக்கம்பியப் பிடிச்ச கை திறக்க மாட்டேங்கு."
"இழுக்காதீங்க. கட்டைவிரல மட்டும் மெதுவா அசைச்சுப் பாருங்க."
"அசையல. காலும் மடங்குன மாதிரியே நிக்கி."
"நான் வரேன்."

மே 14, மாலை 4:05
விண்வெளி உடைக்குள் நுழைந்துவிட்டேன். கையுறையின் பூட்டு வளையம் திரும்பவில்லை. பல்லால் கடித்துத் திருப்பினேன். பல்தான் உடைந்தது.
"வராதீங்கம்மா. ஒங்க கையும் என் கை மாதிரிதான. வீட்ல கேட்டா, வேலை பாத்துட்டு இருந்தான்னு சொல்லுங்க."
"பேசிக்கிட்டே இருங்க, செலஸ்டின்."
"என்னத்தப் பேச."
ஆனாலும் பேசினார். கடலைப் பற்றி, தன் பெண் நீச்சல் பழகியதைப் பற்றி. ஆக்சிஜன் தீரும்வரை.

மே 30
நேரம் தெரியவில்லை. கடிகாரத்தின் பக்கம் கழுத்து திரும்பவில்லை. உணவுப் பொட்டலத்தைக் கிழிக்க முடியவில்லை. தாடையும் மூட்டுதான். இன்று பாதிதான் திறக்கிறது.
இதைக் கேட்பவருக்கு. என் முழங்காலை வெட்டிப் பாருங்கள். அடுத்து இங்கே வருபவர்களுக்கு உதவும்.
முதலில் அவரை உள்ளே கொண்டுவாருங்கள். கை இன்னும் கம்பியில்தான் இருக்கும். பிடித்து இழுக்காதீர்கள். வலிக்