தவறியது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். உங்கள் நிறுவனத்தின் ஆண்டு மலரில் உன் படத்தைப் பார்த்தேன். கோட்டு நன்றாகப் பொருந்துகிறது, கன்னத்திலும் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. குளிருக்குக் காதை மூடிக்கொள். அடுத்தவர் சொல்வது காதில் விழாமல் இருக்க உனக்குக் குல்லா தேவையில்லைதான், இருந்தாலும் உடம்புக்கு நல்லது.

இதைத் தபாலில் எழுதக் காரணம் உண்டு. உன் ஆபீஸ் முகவரிக்கு எத்தனை மெயில் அனுப்பினாலும், 'உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது' என்று ஏதோ இயந்திரம்தான் பதில் போடுகிறது. போன் செய்தால், மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடுறேன் என்கிறாய். கடிதத்தை மீட்டிங்கில் உட்கார்ந்தும் படிக்கலாம். பெரிய மனிதர்கள் மேசைக்கடியில் எதையாவது படித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று கேள்வி.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கைக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் வீங்கியிருக்கிறது, பிரஷரும் ஏறியிருக்கிறது. குறை மாதத்திலேயே வலி வந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் பகுதி ஆஸ்பத்திரி நர்ஸம்மாதான் அவளுக்குத் தைரியம். போன தடவை மாதிரி ஆகாதும்மா, அப்ப நம்மகிட்ட குறைமாசப் பிள்ளைய வச்சுக் காப்பாத்துற கண்ணாடிப் பெட்டி இல்ல, இப்ப இருக்கு, வலி எடுத்ததும் நேரா இங்க வந்துடு என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிகள் வைத்திருக்கும் பச்சிளங்குழந்தை அறையைத்தான் அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். பெட்டிகளும் நர்ஸம்மாவும் நகரத்தின் மறுகோடிக்குப் போகிறார்கள். நம் பகுதியில் பச்சைக் குழந்தைகள் சாவது பாதியாகக் குறைந்துவிட்டதாம். அப்படிச் சொல்வது உன் அறிக்கை.

உன் அறிக்கை எப்படிப் பிறந்தது என்பதை இந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேள். எங்கள் புள்ளிவிவரத் துறையைச் சீர்படுத்த உங்கள் நிறுவனம் கைகொடுக்க வந்தது. வந்ததும் முதல் வேலையாக, ஈரம் ஊறிய சுவரை மறைத்து ஒரு பேனர் கட்டினார்கள். இன்றுவரை எங்களுக்குக் கிடைத்த உருப்படியான உதவி அது ஒன்றுதான். பிறகு தொப்பி, தோள்பை, தண்ணீர் பாட்டில், கடைசியில் கணக்கெடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கொரு டேப்லெட். சொல்லிக்கொடுக்க ஒரு நிபுணர் வந்தார். அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் 'அருமை'. கரண்ட் போனாலும் அருமை, டேப்லெட் கீழே விழுந்தாலும் அருமை. அலுவலகத்தில் அவருக்கு அருமை சார் என்றே பேர் ஆகிவிட்டது. பயிற்சிக்கு என் பிரிவை மட்டும் கூப்பிடவில்லை. நாங்கள் அட்டவணை போடுகிறவர்கள்தானே, கடைசியில் வருகிற எண்ணைக் கூட்டினால் போதாதா என்று இயக்குநர் கேட்டார். எண் எங்கிருந்து வருகிறது என்று கூட்டுகிறவளுக்குத் தெரியவேண்டாம் என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம்.

அறிக்கை வந்த அன்று கேக் வெட்டினார்கள். குழந்தைச் சாவுக்குக் கேக் வெட்டிய அலுவலகம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். குறைந்ததற்காகத்தானே மேடம் வெட்டுறோம் என்று இயக்குநர் விளக்கம் சொல்லிவிட்டு, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாயில் கிரீம் ஒட்டியிருந்ததை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படம் அப்படியே பத்திரிகையில் வந்தது, பார்த்திருப்பாய்.

எனக்கு மட்டும் அந்த எண் தொண்டையில் இறங்கவில்லை. நம் தெருவிலேயே எத்தனை வீட்டில் பிள்ளை போயிற்று என்று எனக்குத் தெரியாதா? மூலத் தரவை வாங்கிப் பார்த்தேன். 'குழந்தையின் தற்போதைய நிலை' என்று ஒரு கேள்வி. விடைக்கு நான்கு கட்டம்: உடன் வசிக்கிறது, வேறு இடத்தில் வசிக்கிறது, இறப்பு, தவறியது. இறப்பில் ஆள் கொஞ்சம்தான். நான்காவது கட்டம் நிரம்பி வழிகிறது.

கணக்கெடுத்த பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, இந்த நாலாவதை எதுக்கும்மா தொட்டே என்று கேட்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். ஏன் மேடம், அம்மாக்காரி 'தவறிடுச்சு'ன்னு சொன்னா, அதுலயும் 'தவறியது'ன்னு இருந்துச்சு, அதைத் தொட்டேன், அவங்க முன்னாடி 'இறப்பு'ன்னு போய் யாராவது தொடுவாங்களா என்றாள். அவள் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் தொட்டிருப்பேன்.

ஆனால் உங்கள் ஊர் மூலப் படிவத்தில் அந்த நான்காவது கட்டம் 'மிஸ்ஸிங்', அதாவது விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத குழந்தைகளைக் கம்ப்யூட்டர் கணக்கிலேயே சேர்க்காமல் ஒதுக்கிவிடுமாம். ஆக அந்தப் பிள்ளைகள் சாகவும் இல்லை, பிறக்கவும் இல்லை. தாய் வாயைத் திறந்து சொன்ன விடை, விடையே இல்லை என்று ஆகிவிட்டது. இதை அருமை சாரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வழக்கம்போல அருமை என்றார். அப்புறம் உதவியாளர் காதில் ஓத, முகத்தை மாற்றிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தது உங்கள் மொழி பேசுகிறவரே, தாய்மொழிக்காரரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று உதவியாளர் சொன்னார்.

கையெழுத்தைப் பார்த்தேன். 'ர'வுக்குக் கீழே வால் இழுக்கிற பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை.

தம்பி, அந்நியனுக்குத் தெரியாது, விட்டுவிடலாம். உனக்குமா தெரியாது? அப்பா போன அன்று நான் போனில் உன்னிடம் என்ன சொன்னேன்? அப்பா தவறிட்டார்டா என்றேன். விவரம் கிடைக்கவில்லை என்று நீ போனை வைத்துவிட்டாயா? அடுத்த விமானத்தில் ஏறி வந்து கூடத்தில் விழுந்து அழுதாய். அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு அர்த்தம் தெரிந்த உனக்கு, மேசையும் நாற்காலியும் கொடுத்ததும் மறந்துபோயிற்றா? படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாய். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முட்டாள்தனத்தையாவது மன்னிக்கலாம், இந்த அலட்சியத்தை என்ன சொல்ல?

இந்தப் பிழையைச் சொல்லி நான் போட்ட மெயில்களுக்கு, இயந்திரம் போக நீயாக அனுப்பிய ஒரே ஒரு பதிலையும் படித்தேன். 'இது தரத்தின் ஏற்கத்தக்க எல்லைக்குள் அடங்கும். அடுத்த சுற்றில் பரிசீலிக்கலாம்' என்று எழுதியிருந்தாய். தமிழா அது? உங்கள் அடுத்த சுற்று வர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் வலியைத் தள்ளிப்போடு என்று தங்கையிடம் சொல்லட்டுமா?

நான் சும்மா இருக்கவில்லை. இயக்குநரைப் பார்த்தேன். தப்பு இருக்கலாம் மேடம், ஆனா தப்பு நம்ம பக்கம் இல்லையே என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். சுகாதாரத் துறைக்குப் போனேன். வெளிநாட்டு அறிக்கை மேடம், அவங்களே திருத்தி அனுப்பினா அறையை மூடுற உத்தரவை நிறுத்திடுவோம், நீங்க சொன்னா எப்படி என்று கேட்டார்கள். இந்த நாட்டுக் குழந்தை இந்த நாட்டில் செத்ததா என்று சொல்ல இந்த நாட்டில் ஆள் இல்லை. அதைச் சொல்ல முடிந்த ஒரே ஆள் நீ, தரவுப் பிரிவின் தலைவன். நான்காவது கட்டத்துக்கு இங்கே இறப்பு என்று பொருள், மறுபடி கணக்கிடுங்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். உன் கையெழுத்தால் வந்த பிழை என்பது தெரிந்துபோகும். தெரியட்டும். கொஞ்ச நாள் தலை குனிந்து நட, கழுத்து ஒன்றும் ஒடிந்துவிடாது.

தங்கை வீட்டுக்கும் அந்தக் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. நேற்றுதான் பேச்சுவாக்கில் சொன்னாள். எத்தனை பிள்ளைன்னு அந்தப் பொண்ணு கேட்டுதுக்கா, ஒண்ணு தவறிடுச்சுன்னேன், மேல எதையும் கேட்டு அழ வைக்கல, நல்ல பொண்ணு என்றாள். அவள் பிள்ளையும் உன் நான்காவது கட்டத்தில்தான் கிடக்கிறது. நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அண்ணன் வெளிநாட்டில் நமக்காகத்தான் வேலை பார்க்கிறான் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நினைப்பை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லியனுப்பினாள். தாய்மாமன் வாயால்தான் பேர் வரணும், அண்ணனையே நல்ல பேரா ஒண்ணு எழுதி அனுப்பச் சொல்லுக்கா என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போதைக்கு அனுப்பாதே. போன தடவை நீ அனுப்பிய பேர் வந்து சேர்வதற்குள் பிள்ளை செத்துப்போய்விட்டது. செத்துப்போய்விட்டது, தம்பி. நம் வீட்டில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை நான் எழுதிவிட்டேன். நீயும் அதை உன் அறிக்கையில் எழுது. எழுதிவிட்டு, இந்தப் பிள்ளைக்குப் பேர் தேடு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிற,

உன் அக்கா