நானூறு வயது மாதுளை

கொண்டச்சி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு.

கட்டாரிலுள்ள மகன் நஸாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கச்சி றிம்ஷாவும் சுகம். நீயும் சுகமாயிருக்கத் துஆக் கேட்டேன், இந்தக் கிழமை பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். உன் வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த நாளிலிருந்து, அவரின் தம்பியாக உன்னைத் தோளில் சுமந்த இந்தச் சாச்சாவைப் பொய்யன் என்று றிம்ஷாவின் போனில் பேசி அனுப்பியிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பாய்வாய், அதனால் நாளை விமானம் ஏறுகிற பைசரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், முழுக்க வாசி.

முற்றத்து மாதுளையைத் தறித்துவிட்டு உன் கலியாணத்துக்குப் புது அறை கட்டச் சொன்னவன் நீ. மேசன் கதிர்காமு அளவு பிடிக்க வந்த அன்று காணி பார்க்கிற அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருவரும் வந்து நின்றார். நான் சும்மா மரமென்று விடவா? அரிப்புக் கடற்கரைக்கு முத்து வாங்க வந்த அரபி வியாபாரி கப்பலில் கொண்டுவந்த கன்று, நானூறு வயது, பதிலுக்கு எங்கள் பாட்டன் கோழிமுட்டையளவு முத்துக் கொடுத்தார் என்றேன். குர்ஆனில் பேர் வந்த கனி என்றேன், அதுவும் பொய்யா சொல்லு. இதன் தோலை அவித்துக் கொடுத்து நானாட்டானில் பாதிப் பேரின் வயிற்றோட்டத்தை நிறுத்தியவன் நான் என்றேன். மனிதர் வாயைப் பிளந்து எழுதிக்கொண்டு போனார். இப்போது இது பழங்காலத்து இடமாம், விசாரித்து முடியும்வரை ஒரு கல்லும் வைக்கக் கூடாதாம், ஒழுகுகிற கூரை ஓடுகளையும் மாற்றக் கூடாதாம். அதற்குத்தான் நீ, “சாச்சா, கந்தோருக்குப் போய் உங்கட வாயாலயே பொய்யெண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி நான் அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டன்” என்று கத்தியிருக்கிறாய். போத்தலில் அடைத்த மாதுளைச் சாறு குடிக்கிறவனுக்கு எவ்வளவு கொழுப்பு.

சரி, திங்கட்கிழமை போகிறேன். மரத்துக்குப் பதினைந்து வயதுதான் என்று சொல்கிறேன். புத்தளத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய வருடம், இப்போது இல்லாத உன் உம்மா றாபியா வைத்தது. ஒவ்வொரு மாதுளையிலும் ஒரு விதை சுவர்க்கத்துடையது, எதுவென்று தெரியாது, அதனால் ஒன்றும் சிந்தக் கூடாதென்று நாங்கள் சீலை விரித்துத்தான் உரிப்போம். அன்று அவள் ஒரு விதையும் வாயில் வைக்கவில்லை, அத்தனையையும் முற்றத்தில் புதைத்தாள். ஒன்றே ஒன்று முளைத்தது, அதுவும் நான் ஊற்றிய தண்ணீரில். முளைத்ததுதான் அந்த விதையென்று அவள் சொன்னபோது பக்கத்தில் வாளியோடு நின்றவன் நீதான்.

வயது தெரிந்தால் கந்தோர்க்காரர் விட்டுவிடுவார்கள். பிறகு அந்த மரத்துக்கு அரபியும் இல்லை, முத்தும் இல்லை, நீ மட்டும்தான். தறிப்பதென்றால் கதிர்காமுவுக்கு நீயே சொல்லு. எத்தனையோ சொன்ன வாய் இது, அதை மட்டும் சொல்லாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் புத்தியும் தரட்டும். வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய். கதிர்காமு செவ்வாய் காலை கோடாலியோடு வந்து உன் சொல்லுக்காக நிற்பான், மறந்துவிடாதே.

கோபம் தீராத உன் சாச்சா,
சாஹுல் ஹமீட்